கல்லடைப்பும் ஒரு டம்ளர் தண்ணீரும்

என் வீட்டுக்காரர் ஊர் உலகத்தையெல்லாம் தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு போனவர். ஆனால் அவர் தண்ணீர் குடிக்க மாட்டார். தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டைக்குப் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். எழுபதுகளில் ஓடிய அந்த வண்டியில் எஞ்சின் அவருடைய இடது கைப்பக்கம் ஒரு தகர மூடிக்கு அடியில் கிடந்து கொதிக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இடது தொடை சிவந்திருக்கும், சட்டை முதுகில் உப்புப் பூத்திருக்கும். அத்தனை வேர்வை போன மனுஷன் ஒரு குடம் குடிக்க வேண்டாமா?

குடிக்க மாட்டார். அவர் மட்டும் இல்லை, அந்தத் தடத்தில் ஓட்டிய எந்த டிரைவரும் குடிக்க மாட்டார்கள். காரணம் கேட்டால் பாடம் மாதிரி ஒப்பிப்பார்.

"ஏட்டி, தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும். ஒண்ணுக்கு வந்தா வண்டிய நிறுத்தணும். நான் நிறுத்தினா பின்னால வாரவன் என் ஆளுகள ஏத்திட்டுப் போயிருவான். அவன் குடிக்கானா? நான் மட்டும் குடிக்கதுக்கு?"

"ஆமா, அவன் கிணத்துல விழுந்தா நீங்களும் விழுங்க."

"அவனுக்கு முன்னால விழுவேன்" என்பார், சிரித்துக்கொண்டே.

நானும் விடமாட்டேன். தினமும் காலையில் ஒரு பித்தளைக் கூஜா நிறையச் சீரகத் தண்ணீர் கொடுத்து அனுப்புவேன். சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாகக் கூஜாவைத் தூக்கிப் பார்ப்பேன். காலையில் இருந்த கனம் அப்படியே இருக்கும். சில நாள் குறைந்திருக்கும். சந்தோஷப்பட்டு விசாரித்தால், அச்சன்புதூர்க்காரி ஒருத்தி பிள்ளை அழுதது, அதற்குக் கொடுத்தேன் என்பார். எங்களுக்குப் பிள்ளையில்லை. சண்டை போட நேரம் நிறைய இருந்தது. அந்தச் சண்டையெல்லாம் தண்ணீர்ச் சண்டைதான். "தண்ணி குடிச்சியளா?" என்று நான் கேட்டதை எண்ணினால் சாமி பேரைச் சொன்னதைவிட அதிகம் வரும்.

ஒரு சித்திரை மாதம், கத்திரி வெயில். மத்தியானச் சாப்பாட்டுக்கு வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்தவர், முதல் கவளத்தை வாயில் வைத்ததும் இடது விலாவைப் பிடித்தார். தட்டு ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார். தரையில் புழு மாதிரி உருண்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் வலி விடவில்லை. வாயில் வைத்தது அத்தனையும் வெளியே வந்தது. ஏதோ கடித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். "ஏ யப்பா, யாராவது வாங்களேன்!" என்று தெருவில் நின்று கத்தினேன்.

ஓடிவந்தது அவருடைய கண்டக்டர். அவரைவிட வயதில் சின்னவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவர் வண்டியிலேயே இருந்தவர். இவரை அண்ணாச்சி என்பார், என்னை மைனி என்பார். எங்கள் வீட்டுச் சோறு அவருக்கும் சேர்த்துத்தான் பொங்கும். அவரும் நானுமாகத் தூக்கிப் பஸ்ஸிலேயே படுக்கப் போட்டோம். அடுத்த டிரிப்புக்கு ஆட்கள் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. பக்கத்து மர மில்லில் லாரி ஓட்டுகிறவர் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். எல்லோருமாக டாக்டர் வீட்டு வாசலில் போய் இறங்கினோம்.

டாக்டர் வயதானவர், எங்கள் குடும்பத்துக்குத் தலைமுறையாகப் பார்க்கிறவர். வயிற்றை அமுக்கவில்லை. முதுகில், விலா முடிகிற இடத்தில், லேசாக ஒரு தட்டுத் தட்டினார். இவர் துள்ளினார். "கல்லடைப்பு" என்று சொல்லி ஊசி போட்டார். செத்த நேரத்தில் வலி அடங்கி, இவர் எழுந்து உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி: "ரெண்டு மணி வண்டி போயிட்டா?"

அன்றிலிருந்து எங்கள் தெருவில் அத்தனை பேரும் வைத்தியர் ஆனார்கள். ஒருத்தி வாழைத்தண்டுச் சாறு என்றாள். ஒருத்தி பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற சிறுபீளையை வேரோடு கொண்டுவந்து போட்டாள். நெருஞ்சி முள் கஷாயம், கொள்ளு அவித்த தண்ணீர், முள்ளங்கிச் சாறு. கடையத்துக்குப் போய் ஒரு தோட்டக்காரரிடம் சொல்லி வைத்து வாழைத்தண்டு வாங்கிவந்து, நார் எடுத்து, அம்மியில் நசுக்கிப் பிழிந்து கொடுப்பேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். வலி சும்மாவா இருந்தது? வாரத்துக்கு ஒருமுறையாவது வந்து உருட்டிவிட்டுப் போனது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இது பார்த்துக்கொண்டு நிற்கிறவளுக்கே தெரிந்தது.

டாக்டர் திருநெல்வேலிக்கு எக்ஸ்ரேக்கு அனுப்பினார். அதற்கு முந்தின நாள் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் காலி செய்ய வேண்டும். பிறகு கையில் மருந்து ஏற்றி, அது கிட்னி வழியாக இறங்க இறங்கப் படம் எடுப்பார்கள். அந்தக் காலத்தில் அவ்வளவுதான் வழி. படத்தைக் கொண்டுவந்து கொடுத்தோம். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இந்தா பாரும், கிட்னியில இருந்து மூத்திரம் இறங்குத குழாய். இதுக்குள்ள ஒரு கல்லு மாட்டியிருக்கு. மொச்சைப் பயறு தண்டி. கடுகு மிளகு தண்டியா இருந்தா தண்ணியக் குடிச்சே தள்ளிரலாம். இது தானா வராது. விலாவுக்குக் கீழ ஒரு சாண் கீறித்தான் எடுக்கணும்."

"கீறினா வண்டி ஓட்டலாமா?"

"கொஞ்ச மாசம் ஓட்டக்கூடாது. தசை கூடினப்புறம் ஓட்டலாம்."

இவர் காதில் முதல் பாதிதான் விழுந்தது. அந்தக் கால வண்டியில் ஸ்டியரிங்கை ஒடிப்பது லேசான காரியம் இல்லை. ஐந்தருவி வளைவில் முழு வண்டியை ஒடிக்கும்போது உள்ளங்காலிலிருந்து தோள் வரைக்கும் பலம் வேண்டும். விலாவைக் கீறிக்கொண்டவனை முதலாளி வைத்துக்கொள்வாரா என்ற பயம். வண்டி இல்லாமல் அவரால் இருக்கவும் முடியாது. குற்றாலச் சீசன் முடியட்டும் என்று தவணை கேட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"டிரைவரே, ஒண்ணு சொல்லுதேன். வலி இருந்தா வருவீரு, அது எனக்குத் தெரியும். வலி நின்னுட்டாலும் வரணும். நின்னா கட்டாயம் வரணும். இன்னொரு படம் எடுத்துப் பாக்கணும்."

ஒரு வெள்ளைத் துணியில் சிறுநீரை வடிகட்டிப் பார்க்கவும் சொன்னார், ஏதாவது வந்தால் எடுத்துவரச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தோம்.

ஆனி பிறந்தது. சாரல் விழ ஆரம்பித்தது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் இவருக்குப் பழக்கம். அவர்தான் அந்த யோசனையைச் சொன்னது.

"அண்ணாச்சி, பேரருவிக்கு நேர் கீழ முதுகக் காட்டி நில்லுங்க. மேல அருவி விழுந்து சுழலுத பொங்குமாங்கடல் பள்ளத்தப் பாத்திருக்கியளா? பாறையையே குடைஞ்ச தண்ணி இது. ஒங்க கல்லு எம்மாத்திரம்?"

இதைக் கேட்டால் யாருக்குத்தான் சரி என்று தோன்றாது? எங்கள் ஊர்க்காரர்களுக்கு அருவித் தண்ணீர் என்றால் மருந்துதான். மூலிகைக் காட்டுக்குள் ஓடிவருகிற தண்ணீர், பைத்தியத்துக்கே அதில் குளிக்க வைப்பார்கள். காலையில் முதல் டிரிப் குற்றாலத்தில் கொஞ்சம் நிற்கும். அந்த நேரத்தில் ஓடிப்போய், இடது முதுகை எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துக் குனிந்து நிற்பார். சட்டையையும் காக்கி டவுசரையும் பிடித்துக்கொண்டு கண்டக்டர் கரையில் நிற்பார். ஒரு நாள் நானும் போய்ப் பார்த்தேன். பொம்பளைகள் பக்கத்திலிருந்து பார்த்தால் மொத்தமும் வெள்ளை, அதற்குள் அவர் முதுகு மட்டும் கன்றிச் சிவந்து தெரிந்தது. தலையில் வாங்கவே ஆள்கள் பயப்படுகிற தண்ணீரை விலாவில் வாங்கிக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆடி பாதியில் ஒரு நாள் வீட்டில் வெள்ளைத் துணியில் ஏதோ ஒட்டியிருந்தது. பழுப்பு நிறத்தில், நகத்தால் தொட்டால் சொரசொரவென்று, கடுகளவு. அதற்குப் பிறகு வலி வரவில்லை. ஒரு வாரம் பார்த்தோம், வரவில்லை. ஒரு மாதம் பார்த்தோம், வரவில்லை.

"டாக்டர் மொச்சைன்னாரே. இது கடுகால்லா இருக்கு?" என்றேன்.

"உடைஞ்சுட்டு, ஏட்டி! உடைஞ்சதுல ஒரு துண்டு இது."

"மிச்சம் எங்க?"

"அருவிக்குள்ள நிக்கையில போயிருக்கும். அங்கன யாரு துணிய வச்சு வடிகட்டினா?"

நான் சிரித்துவிட்டேன். கண்டக்டர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரும் கண்டக்டருமாக பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். எண்ணெய் தேய்க்கிறவருக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்தோம். அந்தச் சீசனில் முதுகு வலிக்காரர், மூட்டு வலிக்காரர் எல்லோரும் அவரைத் தேடி வந்தார்கள் என்று கேள்வி. டாக்டரிடம் போக வேண்டும் என்று நான் சொல்லாமல் இல்லை. "வலிக்காத உடம்ப என்னத்துக்குப் படம் பிடிக்கணும்? சவத்த விடு" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வலி போனால் நோய் போயிற்று என்றுதானே பிறந்ததிலிருந்து எல்லோரும் நினைத்திருக்கிறோம்.

பண்பொழித் திருமலைக் குமாரசாமிக்கு நேர்ந்திருந்தேன். வெள்ளித் தகட்டில் உறுப்பு செய்து உண்டியலில் போடுவதாக வேண்டுதல். தென்காசியில் கடைக்காரரிடம் போய்க் கேட்டால் கண் இருக்கிறது, கை இருக்கிறது, கால் இருக்கிறது, முழு ஆள் இருக்கிறது; கிட்னி இல்லை. "அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதும்மா" என்றார். எனக்கும் தெரியாது. கடைசியில் வயிறு ஒன்றை வாங்கிக்கொண்டு போனோம். அத்தனை படியையும் இவர் ஒரே மூச்சில் ஏறினார். நான் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். மேலே நின்று, "ஏட்டி, ஆருக்கு வலி? எனக்கா, ஒனக்கா?" என்று கத்தினார். கோயிலுக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

அதன் பிறகு வருஷங்கள் ஓடின. இடது பக்கம் ஒரு நாள்கூட வலிக்கவில்லை. கூஜா பழையபடி நிறைந்த கனத்தோடு வந்தது, நானும் பழையபடி கத்தினேன்.

எண்பதுகளில் பாதிக்கு மேல் போயிருக்கும். தென்காசிப் பெரிய கோயிலில் பிளந்து கிடந்த கோபுரத்தைக் கட்டுவதற்குச் சாரம் போட்டிருந்த சமயம். அவருக்குச் சோறு கசந்தது. முகம் காலையில் ஊதியிருக்கும். வண்டியை விட்டு இறங்கினால் மூச்சு வாங்கியது. வயசாகுது என்றார். நாற்பத்தைந்து எல்லாம் ஒரு வயசா? பிறகு ஒரு நாள் விலாவைப் பிடித்தார். இந்தத் தடவை வலது விலா.

திருநெல்வேலியில் அப்போது ஸ்கேன் வந்துவிட்டது. விளக்கெண்ணெய் இல்லை, ஊசி இல்லை. வயிற்றில் சில்லென்று எதையோ தடவி, ஒரு கட்டையை வைத்து உருட்டினால் உள்ளே இருப்பது டி.வி.யில் தெரிந்தது. அதன் ரிப்போர்ட்டை எங்கள் பழைய டாக்டரிடம்தான் கொண்டுபோனோம். ரொம்பத் தளர்ந்திருந்தார். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை வாசித்தார்.

"வலது கிட்னியில ஒரு கல்லு இருக்கு. அதுக்கு ஏதாவது செய்யலாம்" என்றார். "இடது கிட்னி போயிட்டு."

"அதுலதான் வலியே இல்லியே, சார்" என்றார் இவர்.

"அதான். அந்தக் கல்லு அங்கனயேதான் இருக்கு, அதே மொச்சை. குழாய அடைச்சுக்கிட்டு நின்னுட்டு. மூத்திரம் இறங்க வழியில்லாம கிட்னி ஊதி ஊதி, சதையெல்லாம் கரைஞ்சு, இப்ப வெறும் தண்ணிப் பை. வேலை செய்யுத வரைக்கும்தான் வலிக்கும், டிரைவரே. கல்லு போனதால வலி நிக்கல. கிட்னி செத்ததால நின்னது."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கடுகளவு துண்டும், லட்டும், வெள்ளி வயிறும் எல்லாம் அந்த முகத்தில் வந்து போயின. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அருவியில நின்னாரே, சார்" என்றேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருக்கிற ஒரே கிட்னியைக் கீற டாக்டருக்குத் தயக்கம். மெட்ராஸில் புதிதாக ஒரு மெஷின் வந்திருப்பதாகச் சொன்னார். கத்தி வைக்காமல், வெளியிலிருந்தே அதிர்ச்சி கொடுத்துக் கல்லைத் தூளாக்குமாம். தென்காசியில் ரயில் ஏறினோம், கண்டக்டரும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார்.

என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். ஆணி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. என்ன நடந்தது என்று அவர் பிறகு சொன்னார். நெஞ்சுக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டார்களாம். ஒரு நாற்காலியில் வைத்துக் கட்டி, கிரேன் மாதிரி ஒன்றில் தூக்கி, வெதுவெதுப்பான தண்ணீர் நிறைந்த தொட்டிக்குள் இறக்கினார்களாம். கல் இருக்கிற இடத்தை எக்ஸ்ரேயில் பார்த்துப் பார்த்து, அந்த இடத்துக்கு நேராகத் தண்ணீருக்குள்ளிருந்தே ஓர் அதிர்ச்சி. தண்ணீர் வழியாகப் போய், சதையை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் உடைக்குமாம்.

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். உதடு கோணியது.

"ஏட்டி, நான் தண்ணிக்குள்ள நின்னது தப்பு இல்ல பாத்தியா. தண்ணி வழியாத்தான் உடைக்கான். எனக்கு வேற தண்ணி கிடைச்சிருக்கு, அவ்வளவுதான்."

கண்டக்டர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கல் உடைந்தது. அது நிஜம். துணியில் வடிகட்டினால் மணல் மணலாக வந்தது, விரலால் தேய்த்துப் பார்த்து அழுதேன். ஆனால் அந்த ஒரு கிட்னி இத்தனை வருஷம் ரெண்டு ஆள் வேலையைத் தனியாகச் செய்து, கல்லையும் சீழையும் சுமந்து ஓய்ந்திருந்தது. ரத்தத்தில் உப்பு ஏறிக்கொண்டே போயிற்று. முதல் கிட்னியை அன்றைக்கே காப்பாற்றியிருந்தால் இது தாங்கியிருக்கும் என்றார் அங்கிருந்த சின்ன வயசு டாக்டர். அன்றைக்கு மெஷின் இல்லாவிட்டாலும் கத்தி இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். என் கிட்னியை எடுத்து வையுங்கள் என்று கேட்டேன். பார்த்தார்கள், ரத்தம் சேராது என்றார்கள். கூடப் பிறந்தவர்கள் என்று அவருக்கு யாரும் இல்லை. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய மதுரைக்குக் கொஞ்ச காலம் கூட்டிப்போனோம். போய் வருகிற அலுப்பிலேயே மனுஷன் பாதி ஆனார். ஒரு நாள் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "போதும், என்னய இந்தச் சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாத" என்றார். டிரைவர் சீட்டைத் தவிர வேறு சீட்டில் அவர் இஷ்டப்பட்டு உட்கார்ந்ததே இல்லை.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்குச் சொல்லக் கஷ்டம்.

டாக்டர் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொன்னார். கல்லுக்குத்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். கிட்னி ஓய்ந்த பிறகு உள்ளே போகிற தண்ணீர் வெளியே வராது, காலில் ஏறும், முகத்தில் ஏறும், கடைசியில் நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு சின்ன டம்ளரைக் காட்டினார். குழம்பு, காப்பி, மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் ஆறு ஓடுகிற ஊரில் என் புருஷனுக்குத் தண்ணீரை அளந்தேன். வாழ்நாள் முழுக்க "குடிங்க, குடிங்க" என்று கத்தின வாய், "போதும், வைங்க" என்று சொல்லிற்று. அவருக்கோ, அதுவரை இல்லாத தாகம் வந்திருந்தது. நாக்கு வெடித்துக் கிடந்தது. பானையை அடுக்களையில் வைத்துப் பூட்டினேன். ஒரு தடவை குளிக்கிற வாளியில் கையை விட்டு அள்ளுவதைப் பார்த்துவிட்டேன். நான் வந்ததும், திருட்டுப் பூனை மாதிரி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்தக் கைக்கு முத்தம் கொடுத்திருக்க வேண்டும். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வாயைக் கொப்பளித்துத் துப்பலாம் என்றார்கள். அதற்கு மட்டும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பேன். அவர் கன்னம் உப்ப, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டி, துப்ப மனசில்லாமல் வெகு நேரம் வைத்திருப்பார். நான் எதிரில் உட்கார்ந்து தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். குரல்வளை ஏறி இறங்கினால் விழுங்கிவிட்டார் என்று அர்த்தம்.

"ஏட்டி, போலீஸ்காரி" என்பார் துப்பிவிட்டு. "அந்தக் கூஜாத் தண்ணியெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"எல்லாம் அச்சன்புதூர்ப் பிள்ளை குடிச்சிட்டு" என்பேன். ரெண்டு பேரும் சிரிப்போம். பிறகு நான் அடுக்களைக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன்.

அந்த வருஷமும் ஆனி பிறந்தது. நல்ல சாரல். கண்டக்டர் ஒரு காலையில் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்து, "மைனி, அண்ணாச்சிய ஒரு தடவ அருவி வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன். குளிக்க வேண்டாம், சும்மா பாக்கட்டும்" என்றார். நானும் ஏறினேன். புது டிரைவர் எழுந்து இவரைக் கும்பிட்டான். எஞ்சின் மூடி மேல் துண்டை விரித்து இவரை உட்கார வைத்தான். வழியெல்லாம் ஒவ்வொரு வளைவுக்கும் இவர் கை தானாகத் திரும்பியது.

பேரருவிக்கு எதிரே, தண்ணீர்த் தூசி வந்து விழுகிற தூரத்தில், ஒரு திண்டில் உட்கார வைத்தோம். ஜனம் கூச்சல் போட்டுக்கொண்டு குளித்தது. அவர் தான் நின்ற இடத்தைக் கையால் காட்டிக் கண்டக்டரிடம் ஏதோ சொன்னார், அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடினார். வாயைத் திறந்தார். வெடித்துக் கிடந்த நாக்கை மெல்ல வெளியே நீட்டிச் சாரலில் பிடித்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார், நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று. நான் அந்தப் பக்கம் மங்குஸ்தான் பழம் விற்கிறவளைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்குப் போதும் என்று தோன்றும் வரைக்கும் திரும்பவே இல்லை.

அந்தச் சீசன் முடிவதற்குள் போய்விட்டார்.

எங்கள் பக்கம் பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுப்பார்கள். உரிமைக்காரர்கள் மேளத்தோடு போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவருவார்கள். எங்களுக்குப் பிள்ளையில்லாததால் கண்டக்டர்தான் மகன் இடத்தில் நின்றார். சிற்றாற்றில் எடுத்த குடங்களோடு, வண்டியில் குற்றாலம் போய்ப் பேரருவியிலும் ஒரு குடம் பிடித்து வந்திருந்தார். அவரோடு ஓட்டின டிரைவர்கள் ஆளுக்கொரு குடத்தோடு வரிசையாக நின்றார்கள். ஒரு மடக்குக்கு ஏங்கின மனுஷனுக்குக் குடம் குடமாகத் தண்ணீர்.

தலையில் ஊற்றப் போனார்கள். எனக்கு என்ன வந்ததோ, பொம்பளைகள் பிடித்திருந்த கையை உதறிக்கொண்டு ஓடினேன்.

"தலையில ஊத்தாதிய! முதல்ல வாயில ஊத்துங்க! எம்புட்டு வேணுமோ அம்புட்டையும் ஊத்துங்க, இனி ஒண்ணும் செய்யாது!"

முறை இல்லை என்று யாரோ சொன்னார்கள். கண்டக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. அருவிக் குடத்திலிருந்து கை நிறைய அள்ளி, அண்ணாச்சி, அண்ணாச்சி என்று சொல்லிக்கொண்டே உதட்டைப் பிரித்து ஊற்றினார். தண்ணீர் உள்ளே போகவில்லை. கடைவாய் வழியாக வழிந்து கழுத்தில் இறங்கிற்று. இன்னொரு கை அள்ளி ஊற்றினார். அதுவும் வழிந்தது.

பழக்க தோஷம், நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.